அந்தக் கீறல் நான் போட்டது

போன வாரம் நம் காசு வியாபாரக் குழுவில் ஒரு வீடியோ வந்தது. நீங்கள் எல்லாரும் பார்த்தீர்கள். பார்த்ததோடு விடாமல் வரிசையாகச் சிரிக்கிற முகம் வேறு போட்டீர்கள். ஒரு மேசை, ஒரு சுத்தியல், ஒரு ஸ்லேப். தரம் பார்க்கும் கம்பெனி காசைச் சோதித்து, தரத்துக்கு ஓர் எண் கொடுத்து, கெட்டிப் பிளாஸ்டிக்கில் அடைத்து அனுப்புகிறதே, அந்த டப்பாவைத்தான் நாம் ஸ்லேப் என்கிறோம். சுத்தியல் இரண்டு தரம் இறங்குகிறது. மூன்றாவது அடியில் டப்பா பிளந்து, காசு பறந்து போய்ச் சுவரில் மோதுகிறது. பின்னணியில் குத்துப்பாட்டு. ‘சிக்ஸர்லா!’ என்று ஒருவர் கீழே எழுதியிருந்தார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கைப்பேசியை மேசைமேல் வைத்துவிட்டு வாசலில் போய் நின்றேன். “பிரஷர் மாத்திரை போட்டாச்சா?” என்று வீட்டுக்காரி கேட்டாள். போட்டிருந்தேன். கோபத்துக்கு அது கேட்கவில்லை.

காசு அடிபட்டதற்காக எனக்குக் கோபம் என்று நினைக்காதீர்கள். அத்தனை பேர் சிரித்தீர்களே, ஒருவராவது ‘அது யாருடைய காசு?’ என்று கேட்டீர்களா? அதுதான் கோபம். இந்தக் கேள்வியைக் கேட்காமல் போனதற்கு நான் பட்டது ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். கசக்கும், படியுங்கள்.

என்னைத் தெரியாத புதியவர்களுக்கு: தெங்கேராவில் ஒரு பழங்காசுக் கடையில் என் ஆயுளில் பாதியைக் கழித்தவன் நான். செலண்டார் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. படிவம் ஒன்றோடு, அதாவது ஏழாம் வகுப்போடு, பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஸ்லேப்பின் தலையில் ஒட்டியிருக்கும் லேபிளில் திரும்பத் திரும்ப வருகிற சொற்களை மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அதுவே என் பட்டப்படிப்பு. அதனால் லேபிள் சொன்னால் எனக்கு வேதவாக்கு. படித்தவனுக்காவது சந்தேகம் வரும். என்னைப் போன்றவன் அச்சில் வந்ததைக் கன்னத்தில் போட்டுக்கொள்வான்.

அதோடு பயந்த சுபாவம். கடையைப் பூட்டிவிட்டு மோட்டார் சைக்கிள் நிற்கும் இடம் வரை போவேன், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். முதலாளி எனக்கு ‘பூட்டு’ என்றே பேர் வைத்துவிட்டார். ஸ்லேப் உடைப்பதென்றால் கதவைச் சாத்துவேன், மேசையில் தடித்த துண்டை விரிப்பேன், போனை அணைத்துவிடுவேன். ஒரு மூலைக்கு ஒரு மூச்சு. பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்து, “பூட்டு, பிரசவம் பாக்குறியா?” என்று கேலி செய்வார்கள். செய்யட்டும். லைட்டரால் சூடு காட்டிப் பிளாஸ்டிக்கைக் காசின் மேலேயே உருகவிட்டவரை எனக்குத் தெரியும். பிளையரால் நெரித்து, தெறித்த சில்லு கண்ணில் பாய்ந்து ஆஸ்பத்திரிக்குப் போனவரையும் தெரியும். என் கையில் அத்தனை வருடத்தில் ஒரு காசுக்கும் ஒன்றும் ஆகவில்லை. காரணம் திறமை இல்லை, பயம். பயப்பட மறந்த ஒரே நாளில் எல்லாம் ஆகிவிட்டது.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. சிம்பாங் அம்பாட் பக்கத்திலிருந்து ஓர் அக்கா கடைக்கு வந்தார். பச்சையம்மா என்று பேர். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். செம்பனைத் தோட்டத்துப் பிள்ளைகள் காப்பகத்தில் ஆயா வேலை. கைப்பையிலிருந்து ஒரு மஞ்சள் துணியை எடுத்துப் பிரித்தார். உள்ளே ஸ்லேப். அதன் ஒரு மூலையில் வெட்டுக்காயம்.

“இதைப் பிரிச்சுக் குடுங்க தம்பி. பாராங் கத்தியால ரெண்டு போடு போட்டுப் பாத்தேன். அப்புறம் கை நடுங்கிருச்சு. உள்ள இருக்கிறது சாமி காசுலா.”

வெள்ளைக்காரன் காலத்து ஒரு வெள்ளிக் காசு. ராஜா தலை போட்டது. வீட்டில் பரம்பரையாகக் கிடந்தது. அவர் கணவர் செம்பனைக் குலை ஏற்றுகிற லாரி ஓட்டியவர். லாரி குடைசாய்ந்து இரண்டு காலும் நொறுங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அக்கா இந்தக் காசை மஞ்சள் துணியில் முடிந்து சாமிப் படத்தின் முன்னால் வைத்துவிட்டார். ‘ஆத்தா, இந்த மனுசன் கோல் இல்லாம உன் வாசலுக்கு நடந்து வரணும். வந்த அன்னிக்கு இந்தக் காசு உனக்கு’ என்று வேண்டுதல். இரண்டு திருவிழா போய்விட்டது. மூன்றாவதில்தான் மனிதர் கோலை வைத்துவிட்டு நடக்கத் தொடங்கியிருந்தார். வருகிற ஞாயிறு தீமிதி. அன்றைக்குக் காசு உண்டியலில் விழுந்தாக வேண்டும்.

“பிளாஸ்டிக்குள்ள எப்படிக்கா போச்சு?”

“என் மவன் வேலை. அதுல போட்டிருக்கிற வருசத்துக் காசு ஆயிரம் ஆயிரமா போவுதுன்னு எவனோ போன்ல சொன்னானாம். நான் இல்லாத நேரம் முடிச்ச அவுத்து எடுத்து, வெளக்குத் தேய்க்கிற மாதிரி புளியப் போட்டுத் தேய்ச்சு, தரம் பாக்குற கம்பெனிக்கு அனுப்பியிருக்கான் தம்பி! சாமி காசு பளபளன்னு போவணுமாம். அவன் நல்லதுன்னுதான் செஞ்சான், மடையன்.”

லேபிளைப் பார்த்தேன். அசல் காசு என்று போட்டிருந்தார்கள். எண் போடவில்லை. எண் இருக்க வேண்டிய இடத்தில் நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த சொற்களில் ஒன்று: தேய்த்துக் கழுவப்பட்டது. நம் தொழிலில் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். எத்தனை பழைய காசானாலும் அந்த ஒரு சொல் விழுந்தால் பிணம்தான். அதை நான் அக்காவிடம் விளக்கினேன். பெரிய மேதாவி மாதிரி விளக்கினேன்.

“கழுவுனது குத்தமா தம்பி?” என்று அவர் கேட்டார். உண்மையாகவே புரியாமல் கேட்டார். வெள்ளிக்கிழமை தோறும் விளக்கைப் புளி போட்டுத் தேய்க்கிற கை அது.

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

பாசார்ச் சந்தையில் பூ வாங்கிவிட்டு மத்தியானம் வருவதாகச் சொல்லிப் போனார். நான் வேலையில் இறங்கினேன். கதவைச் சாத்தவில்லை. துண்டு விரிக்கவில்லை. எதற்கு? எண் இல்லாத காசுதானே! நல்ல எண் வாங்கிய இன்னொரு காசைப் பற்றி விசாரிக்க ஒருவர் போன் செய்தார். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டே, வெட்டின மூலையில் ஸ்குரூடிரைவரைச் செருகித் திருகினேன். அக்காவின் பாராங் அந்த மூலையை ஏற்கெனவே இளக்கியிருந்தது. சடக்கென்று விட்டுக்கொடுத்தது. இரும்பு வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டது.

ராஜாவின் காதிலிருந்து வாய் வரை ஒரு கோடு. பளிச்சென்று, வெள்ளை வெளேரென்று, அளவுகோல் வைத்துக் கிழித்ததுபோல.

முதலாளி எழுந்து வந்து பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. தொழிலில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் கற்றுக்கொடுத்தது. அன்றைக்கு அவர் கற்றுக்கொடுத்ததுதான் தப்பு. அதைக் கற்றுக்கொண்ட என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

“என்னா பூட்டு, பேய் அறைஞ்ச மாதிரி நிக்கிற? ஏற்கெனவே செத்த காசுலா இது. நம்ம தட்டுல அதே ராஜா, அதே வருசம் ஒண்ணு கெடக்கு பாரு. இதைவிட நல்லது. எடுத்துக் குடு.”

“சொல்லிட்டுக் குடுக்கட்டுமா மொதலாளி?”

“சொல்லி? கடையில உக்காந்து ஒப்பாரி வைக்கவா? அந்தக்காவுக்கு லாபம்தானே? சாமி என்னா, லென்ஸ் வச்சுப் பாக்கப் போவுதா?”

மாற்றினேன். அதுவும் எப்படி? மனது குளிர்ந்து மாற்றினேன். கெட்டதை எடுத்துக்கொண்டு நல்லதைக் கொடுக்கிறோமே, இதில் என்ன பாவம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மத்தியானம் அக்கா வந்தார். காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“ஒரு கீறல்கூட விழாம எடுத்துட்டீங்களே தம்பி. கைராசிக்காரர்தான்.”

நான் பல்லைக் காட்டினேன். கீறல் விழுந்த காசு அதற்குள் பழைய வெள்ளி டின்னுக்குள் போயிருந்தது. ஓட்டை போட்டது, தேய்ந்தது, கழுத்தணியிலிருந்து பிய்த்தது எல்லாம் அந்த டின்னில்தான் விழும். நிரம்பினால் பத்தர் எடுத்துப் போய் உருக்குவார்.

வியாழக்கிழமை போன் வந்தது.

“தம்பி, பச்சையம்மாக்கா பேசுறேன். பூசாரிகிட்ட பேர் குடுத்துக்கிட்டு இருக்கேன். ஞாயித்துக்கெழம உங்க பேருக்கும் ஒரு அர்ச்சனை. உங்க நட்சத்திரம் என்னா?”

இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அர்ச்சனை செய்கிறேன் என்றால் எப்படித் தாங்குவது? வாயைத் திறந்தேன். நட்சத்திரம் வரவில்லை, உண்மை வந்துவிட்டது. கீறல், தட்டு, டின் எல்லாவற்றையும் கொட்டினேன்.

அந்தப் பக்கம் எங்கோ சேவல் கூவியது கேட்டது. பிறகு அக்கா கேட்டார்:

“அப்ப என் கையில இருக்கிறது யாரு காசு?”

“அதைவிட நல்ல காசுக்கா. நல்லதைத்தானே குடுத்தேன்…”

“நல்லதா? அந்த மனுசன் ரெண்டு காலையும் தூக்கிக் கட்டிப் போட்டுக் கெடந்தப்ப நான் அழுதுகிட்டே முடிஞ்சது இதா? டேய், கீறல் விழுந்தா ஆத்தா வாங்க மாட்டேன்னு உங்கிட்ட வந்து சொன்னாளா? என் மவன் மடையன், புளியப் போட்டுத் தேய்ச்சான். தேய்ச்சாலும் அதே காசத் திருப்பிக் குடுத்தான்டா! நீ படிச்ச திருடன். மாத்திட்டுச் சிரிச்சே.”

படித்த திருடனாம். படிவம் ஒன்று.

“ஞாயித்துக்கெழம அவர் நடந்து வர்றாரு. எனக்கு என் காசு வேணும். உருக்கிட்டியா வித்துட்டியா, எனக்குத் தெரியாது.” போனை வைத்துவிட்டார்.

டின்னைப் பார்த்தேன். காலி. முந்தின நாள்தான் பத்தர் வந்து எடுத்துப் போயிருந்தார்.

“அதுக்காக இப்பவே போறியா? கடைய யாரு பாக்குறது?” என்றார் முதலாளி.

“நீங்க பாருங்க. நீங்க சொன்னதைக் கேட்டுத்தானே இப்ப நிக்கிறேன்!” என்று கத்தினேன். அவரிடம் நான் குரல் உயர்த்தியது அதுவே முதல் தடவை. மோட்டாரை முடுக்கிக்கொண்டு போனேன். வழியெல்லாம் ஒரே நினைப்பு. உருகியிருந்தால்? உருகியிருந்தால் அந்தப் பொம்பளைக்கு என்ன பதில்?

பத்தர் பட்டறையில் திருவிழாவுக்கான வெள்ளி வேல்கள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன.

“அந்த டின்னா? காலையில கொஞ்சம் உருக்கியாச்சு தம்பி. மிச்சம் அந்தா தட்டுல கெடக்கு. பாத்துக்க.”

தட்டை ஜன்னல் ஓரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஐம்பது அறுபது காசு இருக்கும். பாதிக்கு மேல் அதே ராஜா. அப்போதுதான் எனக்கு உறைத்தது: அக்காவின் காசு எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது. அதைக் கையில் வைத்துக்கொண்டு லேபிளைத்தான் பார்த்தேனே தவிர, காசைப் பார்க்கவே இல்லை. இத்தனை வருடம் லென்ஸ் பிடித்தவன், வந்த காசின் முகம் பார்க்கவில்லை. புளி போட்டுத் தேய்த்ததில் துணியின் மஞ்சள் கறைகூட மிச்சமில்லை. தட்டில் கிடந்தவற்றில் முக்கால்வாசி எவரோ தேய்த்து வெளுத்தவைதான். எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

கீறலை வைத்துத்தான். வேறு அடையாளமே இல்லை. பழைய கீறல் உள்ளே கறுத்திருக்கும், புதுக்கீறல் மின்னும். ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். கை வியர்த்து வழுக்கியது.

“என்னா தம்பி, காசுக்கு ஜாதகம் பாக்குறியா?” என்று பத்தர் கேட்டார். அவர் ஆட்கள் சிரித்தார்கள். நான் தலை நிமிராமல் அடுத்த காசை எடுத்தேன். நிமிர்ந்தால் அழுதிருப்பேன்.

தட்டு முக்கால்வாசி தீர்ந்த பிறகு கிடைத்தது. காதிலிருந்து வாய் வரை, நான் போட்ட கோடு. எதை மறைக்க அந்தக் காசை ஒழித்துக்கட்டினேனோ, அது இல்லாவிட்டால் அந்தக் காசு எனக்குக் கிடைத்திருக்காது. இதில் மகிழ்ச்சிப்பட ஒன்றும் இல்லை. மறுநாள் காலை அந்தத் தட்டும் உருகியிருக்கும். அக்கா நட்சத்திரம் கேட்டுப் போன் செய்யாமல் இருந்திருந்தால் நான் வாயையே திறந்திருக்க மாட்டேன். நான் நல்லவனானது தற்செயல். அதை நினைத்தால்தான் அதிகம் எரிகிறது.

நேராகச் சிம்பாங் அம்பாட்டுக்குப் போனேன். அக்கா வீட்டு முன்னால் அவர் கணவர் கோழிக்கூண்டுக்கும் வாசலுக்கும் இடையில் நடந்து பழகிக்கொண்டிருந்தார். கையில் கோல் இல்லை. ஒவ்வோர் அடிக்கும் உதட்டைக் கடித்துக்கொண்டார். “வாங்க” என்று எனக்குத் தலையாட்டினார். அவருக்கு ஒன்றும் தெரியாது போலிருக்கிறது.

அக்கா உட்காரச் சொல்லவில்லை. காசை வாங்கினார். கீறலின் மேல் கட்டைவிரல் நகத்தை ஒரு தரம் ஓட்டினார்.

“நீ போட்டதா?”

“ஆமாக்கா.”

“இருக்கட்டும்.”

மஞ்சள் துணியில் வைத்து முடிந்தார். பிறகு நான் மாற்றிக் கொடுத்த காசை எடுத்து, என் கையில் தராமல், என் மோட்டார் இருக்கையின் மேல் வைத்தார்.

“இதை எடுத்துட்டுப் போ. இது எந்த வீட்டு முடிச்சுல இருந்து அவுந்து வந்துச்சோ. எவ, யாருக்கு வேண்டி முடிஞ்சாளோ.”

அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தெங்கேராவுக்குத் திரும்பினேன். கடைத் தட்டில் அத்தனை ராஜா தலைகள் கிடந்தன. எனக்கு அவற்றைத் தொடப் பிடிக்கவில்லை. ஓய்வு பெறும் வரை அந்தத் தட்டை நான் சந்தேகத்தோடுதான் தொட்டேன்.

இனி உங்களுக்கு. ‘நல்லதைத்தானே கொடுத்தேன்’ என்ற வார்த்தை உங்கள் வாயில் வரும் ஒரு நாள். வந்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளுங்கள். எது நல்லது என்று லேபிள் சொல்லும், முதலாளி சொல்வார், போனில் எவனோ சொல்வான். கொண்டுவந்த மனிதரிடம் மட்டும் நாம் கேட்க மாட்டோம். கீறல் நமக்குத்தான் சாவு. அந்த அக்காவுக்கு அது ஒரு கோடு. நமக்கு ஒரே மாதிரி இரண்டு காசு. அவருக்கு உலகத்தில் ஒரே காசு. டப்பாவை உடைக்கும் முன்னால் கேளுங்கள்: ‘இது என்ன காசு, எதற்காக வெளியே எடுக்கிறீர்கள், எது ஆகக் கூடாது?’ பதில் வரும் வரை கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். உடைக்கும்போது தப்பு நடந்தால், நடந்த காசை நடந்தபடி கையில் கொடுத்துத் திட்டு வாங்குங்கள். திட்டு வாங்கினால் யாரும் செத்துப்போவதில்லை. அந்த வீடியோவை எடுத்தவர் யாரோ எனக்குத் தெரியாது. காசைக் கொண்டுபோய் உரியவர் கையில் கொடுத்து, சுவரில் மோதியதைச் சொல்லட்டும். அதையும் வீடியோ எடுத்துக் குழுவில் போடட்டும். அதற்கு எத்தனை பேர் சிரிக்கிறீர்கள் பார்ப்போம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் கோயிலுக்குப் போனேன். யாரும் கூப்பிடவில்லை. கூட்டத்தின் கடைசியில், தண்ணீர்ப்பந்தலுக்குப் பின்னால் நின்றேன். அக்காவின் கணவர் வாசலிலிருந்து நடந்து வந்தார். அக்கா பக்கத்தில் நடந்தாரே தவிர, தொடவில்லை. உண்டியல் முன்னால் நின்று அக்கா முடிச்சை அவிழ்த்தார். காசு விழுந்த சத்தம் மேளத்தில் எனக்குக் கேட்கவில்லை.

பிறகு பூசாரி அர்ச்சனைச் சீட்டுகளை எடுத்து ஒலிபெருக்கியில் பேரும் நட்சத்திரமும் வாசித்தார். அக்கா வீட்டுச் சீட்டும் வந்தது. கணவர் பேர், அக்கா பேர், புளி போட்டுத் தேய்த்த மகன் பேர்கூட வந்தது. கடைசிச் சீட்டு வரை நின்று கேட்டேன். என் பேர் வரவில்லை.

என் நட்சத்திரம் ரோகிணி.